சிலுவைமுத்துவும் ஊமத்தை இலையும்

மடியில் ஒரு பழைய முறம். அதில் காய்ந்த இலைகள். சிலுவைமுத்து அவற்றை உள்ளங்கையில் நொறுக்கி, நரம்பை உருவித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு செய்தித்தாளை விரல் நீளத்துக்குக் கிழித்தார், ஒரு சிட்டிகைத் தூளை வைத்தார், கட்டைவிரலால் ஒரே உருட்டு, நூலால் ஒரு முடிச்சு. பெரிய கைகள். முட்டிகள் புடைத்து, நகங்கள் தடித்துப்போன கைகள். அவ்வளவு பெரிய விரல்கள் அவ்வளவு சின்ன வேலையைச் சிந்தாமல் செய்தன.

ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்சந்தில் அவர் வீடு. முதல் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நான் பயிற்சி எடுத்தவள். அவருடைய மகள் சில்வியா என்னை மதியங்களில் வரச் சொல்லியிருந்தாள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது பார்த்தது இதைத்தான்.

"பீடியா?" என்றேன்.

"பீடி இல்ல சிஸ்டரு. மருந்து. ஊமத்த எல. இளுப்பு வந்தா நாலு இளு. நெஞ்சு தொறந்துக்கும்."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"பீம்ராவ். ஆர்பர்ல எங்க மேஸ்திரி. செத்து ரொம்ப வருசமாச்சு."

"இழுப்பிலா?"

"இல்ல, லாரில அடிபட்டு. இளுப்புல அவன் சாவல. அதத்தான் சொல்ல வரேன்."

விட்டுவிடுங்கள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அடுத்ததைச் சுருட்டினார். ஒரு காலத்தில் மருந்துக் கடைகளே ஆஸ்துமாவுக்கு இந்த இலைச் சுருட்டை விற்றன என்பது எனக்குத் தெரியும். அவர் சொன்னது பொய்யில்லை. புகை சுருங்கிய மூச்சுக் குழாயை விரிக்கும். ஆனால் அது விஷச்செடி. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும், ஒரே செடியில் இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும் வீரியம் மாறும். கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரத்தில் பறித்து வரும் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யார் சொல்வது?

அவர் துறைமுகத்தில் கலாசி. சரக்கைத் தூக்கும் இரும்புக் கம்பிக் கயிற்றின் முனையை வளையமாக மடித்து, புரி புரியாகப் பிரித்துத் திரும்பப் பின்னுவது அவர் வேலை. பின்னல் தவறினால் சரக்கு ஆள்மேல் விழும். அவர் பின்னியது விழுந்ததில்லை என்று அவரே சொல்வார். மற்றவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் எண்ணூர்ப் பக்கம் ஒரு நிலக்கரிக் கிடங்கில் காவலுக்குப் போனார். இழுப்பு அங்கிருந்து வந்தது. மனைவி இருதயம்மாள் இறந்தபின் மகளும் அவரும்தான். சில்வியா சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையில் பில் போடுகிறாள்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. பலகையில் எழுதியிருந்தால் அதுதான் சட்டம். எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கும் நாளில் தீப்பெட்டி கூடாது என்று பலகை வைப்பார்கள். அன்று அவர் தன் சட்டைப் பையை மட்டுமில்லை, பக்கத்தில் நிற்பவன் பையையும் காலி செய்வாராம். ஒருமுறை ஆஸ்பத்திரியில் 'காலணியை வெளியே விடவும்' என்று எழுதியிருந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய வராந்தாவில் எல்லோரும் செருப்போடு நடக்க, இவர் மட்டும் வெறுங்காலோடு வரிசையில் நின்றார். சில்வியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நைனா, எல்லாரும் போட்டுகினுதான் போறாங்க."

"எல்லாரும் பலகைய எளுதல. எளுதினவன் ஒரு காரணத்தோடதான் எளுதியிருப்பான்."

போன மழைக்காலத்தில் நெஞ்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தார். வீட்டுக்கு ஆக்ஸிஜன் மிஷின் வந்தது. பொருத்த வந்தவர் சுவரில் ஒரு தாளை ஒட்டி, வாயாலும் சொன்னார்: இந்த வீட்டில் இனி நெருப்பே கூடாது. அடுப்பு, ஊதுபத்தி, மாதா படத்துக்கு மெழுகுவத்தி, பீடி, எதுவும். சிலுவைமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அன்றே மெழுகுவத்திகளை எடுத்து என் கையில் கொடுத்தார். இலைச் சுருட்டுகள் எல்லாவற்றையும் சில்வியா குப்பையில் போட்டாள். அவர் தடுக்கவில்லை. வெளியே போய்ப் பிடிக்கலாமே என்று கேட்கலாம். அந்த மாடிப்படியில் இறங்கினால் அவரால் ஏற முடியாது.

காஸ் அடுப்பு போனபிறகு சமையல்? அதே மாடியில் எதிர்வீட்டு ஜீனத் முன்வந்தாள். சந்தில் முடியாதவர்கள் இருக்கும் சில வீடுகளுக்கு அவள்தான் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு அதுதான் பிழைப்பு. "எங்க வூட்ல அடுப்பு எரிஞ்சிகினுதான கீது, அங்கிள் சோறும் அதுல வேவட்டும்" என்றாள். சுடுதண்ணீருக்கு மட்டும் சில்வியா ஒரு மின்சாரக் கெட்டில் வாங்கி வைத்தாள்.

சில மாதம் நன்றாகவே ஓடியது. தையில் பனியும் புகையும் சேர்ந்து இறங்கிய ஒரு வாரம். மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் எங்கள் தெருவில் நல்ல நெஞ்சுக்காரர்களே இருமுவார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் நான் போனபோது சாப்பாட்டுத் தூக்குவாளி திறந்து கிடந்தது. ரசம் சாதம் பாதி, முருங்கைக்கீரை முழுக்கச் சாப்பிட்டிருந்தார். சிலுவைமுத்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கம்பி பின்னிக்கொண்டிருந்தார்.

கையில் கம்பி இல்லை. காற்றுதான். ஆனால் புரியைப் பிரிக்கிறார், அடியில் நுழைக்கிறார், இழுத்து இறுக்குகிறார். முட்டி வெளுக்கிறது.

"யோவ் பீம்ராவ், வுடாத, புடி. கப்பல் நிக்குதுடா."

"சிலுவைமுத்தண்ணே," என்றேன்.

"தள்ளு சிஸ்டரு, தலைக்கு மேல லோடு தொங்குது." நான் நிற்கும் இடத்தைத் தெளிவாகப் பார்த்து, உண்மையான பயத்தோடு சொன்னார். நான் தள்ளி நின்றேன். வாதாடிப் பயனில்லை என்பது பயிற்சியில் முதல் பாடம்.

தொட்டுப் பார்த்தேன். உடம்பு சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. முகம் சிவந்திருந்தது. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியது. நாடி ஓடியது. கண்ணின் பாப்பா கறுப்பாக விரிந்து, சுற்றியிருந்த வளையமே தெரியவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது, சிறுநீர் போகவில்லை. இதற்கிடையில் அவர் இரண்டு விரலை உதட்டில் வைத்து, இல்லாத பீடியை இழுத்தார். திடுக்கிட்டு மிஷினைப் பார்த்தார். உடனே அந்த இல்லாத பீடியைக் கட்டில் சட்டத்தில் நசுக்கி அணைத்துவிட்டு, "எவன்டா இங்க பத்த வச்சது, பலகைய படிக்கத் தெரியாதா?" என்று யாரையோ திட்டினார்.

நூற்றெட்டுக்கும் சில்வியாவுக்கும் போன் செய்தேன். ஈரத்துணியை நெற்றியிலும் அக்குளிலும் போட்டேன். அன்று சில்வியா பக்கத்திலேயே கொருக்குப்பேட்டையில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க வந்திருந்தாள். ஆம்புலன்ஸுக்கு முன்பே ஆட்டோவில் வந்துவிட்டாள். அப்பா அவளைப் பார்த்து, "யாரும்மா நீ, ஆர்பருக்குள்ள பொம்பளைங்க வரக் கூடாது" என்றார். அவள் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. நேரே வெளியே போய், எதிர்க் கதவில் நின்று கத்தினாள்.

"ஜீனத்தக்கா! இன்னா போட்ட சோத்துல?"

ஜீனத் கையில் மாவோடு வந்தாள். "இன்னாமே ஆச்சு?"

"எங்கப்பா என்னையே யாருன்னு கேக்குறாரு. உன் வூட்டு சோறுதான துன்னாரு? வேற இன்னா துன்னாரு?"

"அதே ரசம், அதே கீர. எம்மவ ஃபராவும் அதத்தான் துன்னுட்டு டியூசன் போய்கீறா. வந்ததும் நீயே கேளு."

"கீர எங்க பறிச்ச?"

"மொட்ட மாடில, டிரம்முல மரம் கீது. சந்துக்கே தெரியும்." ஜீனத்தின் குரல் இறங்கியது. "மெதுவா பேசுமே. நாலு வூட்டுக்கு சமைக்கறவ நான்."

சில்வியா மெதுவாகப் பேசவில்லை. கீழ்வீடு, மேல்வீடு, பைப்படி எல்லாம் எட்டிப் பார்த்தது. விஷம் என்ற சொல்லை அவள் இரண்டு தரம் சொன்னாள். ஒரு தரமே போதும். ஜீனத் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். கண்ணில் டார்ச் அடித்தாள், வயிற்றைத் தொட்டாள், தோலைத் தொட்டாள். கேள்வியை உடனே கேட்டாள்.

"ஊமத்தை ஏதாவது சாப்பிட்டாரா? காய், விதை, இலை?"

"மின்னாடி அந்த எலைய சுருட்டி இளுப்பாரு," என்றாள் சில்வியா. "மிஷின் வந்ததுல இருந்து இல்ல. எல்லாத்தயும் நானே தூக்கிப் போட்டேன்."

"இன்னிக்குச் சாப்பாட்டுல கீரை இருந்துச்சா?"

"இருந்துச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க குடுத்தாங்க."

டாக்டர் தலையசைத்தாள். கீரையோடு ஊமத்தை இலை கலந்து வந்து இப்படிச் சேர்வது நடக்கிற கதைதான். "வேறொருத்தர் குடுத்ததுன்னா போலீசுக்குச் சொல்லும்போது அவங்க பேரும் போகும். வந்து விசாரிப்பாங்க," என்றாள். சில்வியா, "போவட்டும்" என்றாள்.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனாலேயே ஜீனத் மாட்டிக்கொண்டாள். ஒரு போலீஸ்காரர் வந்து அவள் கதவைத் தட்டினால் போதும், பிறகு குற்றமில்லை என்று ஆனாலும் அந்தச் சந்தில் யாரும் அவளிடம் சோறு வாங்கமாட்டார்கள்.

அவருக்கு ஊசி போட்டு, சலைன் ஏற்றி, சிறுநீர்க் குழாய் வைத்தார்கள். கைகள் இன்னும் கம்பி பின்னிக்கொண்டிருந்தன. நான் வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். ஃபரா அதே கீரையைத்தான் சாப்பிட்டாள். அவள் டியூஷனிலிருந்து வந்து நன்றாக இருக்கிறாள் என்று ஜீனத் எனக்குப் போனில் சொன்னாள். எனக்கு மட்டும்தான் சொன்னாள். அப்படியானால் இலை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆனால் சிலுவைமுத்து அந்தத் தாள் ஒட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து பற்றவைக்கமாட்டார். உயிர் போனாலும் மாட்டார். தாளில் என்ன எழுதியிருந்தது? நெருப்பு கூடாது. அவ்வளவுதான். இலை கூடாது என்று யாரும் எழுதவில்லை.

எழுந்து வீட்டுக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. நேரே கெட்டிலைத் திறந்தேன். அடியில் கறுப்புப் பச்சையாக வண்டல், அதில் நொறுங்கிய இலை. பக்கத்து டம்ளரிலும் அடியில் ஒட்டியிருந்தது. கூடப் போட்டிருந்த சுக்கின் வாசனைக்கு அடியில் அந்தக் குமட்டும் பச்சை நாற்றம். கட்டிலுக்குக் கீழே ஒரு மாவு டப்பாவில் சுருட்டாத இலைகள் மிச்சம் இருந்தன. சுருட்டுகளைத்தானே சில்வியா தூக்கிப் போட்டாள்? மெத்தையில் மூச்சுமருந்துப் பம்பும் கிடந்தது. அழுத்தினால் காலி. புதியது எங்கே என்று அப்போது எனக்குத் தெரியாது.

கெட்டிலை மூடி, பையில் போட்டு, டாக்டரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். டப்பாவையும் வைத்தேன். அவள் ஓர் இலையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இதைக் கொதிக்கவச்சுக் குடிச்சிருக்காரு. இவரேதான்," என்றாள். போலீசுக்குப் போகிற தகவலில் அப்படியே போகும் என்றும் சொன்னாள். பிறகு சில்வியாவையும் என்னையும் உட்காரவைத்து விளக்கினாள். நரம்பு உடம்போடு பேச அசிட்டைல்கோலின் என்ற பொருளை அனுப்புகிறது. எச்சில் ஊறு, வியர்வை விடு, சிறுநீரை வெளியேற்று, கண்பாப்பாவைச் சுருக்கு, எல்லாம் அதன் வழியாகப் போகும் சேதிகள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் ஸ்கோபலமினும் அது உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதுவும் சொல்லாது, இடத்தையும் விடாது. மூளையிலும் அதேதான். நினைவும் கவனமும் அந்தச் சேதியை நம்பித்தான் ஓடுகின்றன.

"புகையா இழுத்தா நெஞ்சு திறந்ததும் நிறுத்திடுவாரு. குடிச்சா அப்படி நிறுத்த முடியாது. மெதுவா ஏறும், ஏறினது முழுக்க உள்ளயே இருக்கும். விதை இன்னும் மோசம்."

"போதைக்கா குடிச்சாரு?" என்று சில்வியா கேட்டாள்.

"மூச்சுக்கு," என்றேன் நான். "பம்பு காலி. புதுசு எங்கே?"

அவள் கைப்பையைத் திறந்தாள். மருந்துக்கடைக் கவர் பிரிக்காமலே இருந்தது. வாங்கி வைத்து, கொடுக்க மறந்திருந்தாள். டாக்டர் கவரைப் பிரித்துப் பம்பைக் காட்டி, "இதுல இருக்கறதும் அதே குடும்பத்து மருந்துதாம்மா," என்றாள். "மூளைக்குள்ள நுழையாதபடி ஒரு இடத்துல மாத்தி இருக்காங்க. நெஞ்சைத் திறக்கும், ஆளைக் கலைக்காது." சில்வியா அதை வாங்கி, கைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

வேறு மயக்கப் பொருள்களை உட்கொண்டு வந்தவர்களையும் பயிற்சியின்போது ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். எல்.எஸ்.டி.யோ சில காளான்களோ மூளையில் செரட்டோனினுக்கு உரிய இடங்களில் வேலை செய்யும். சுவர் அலையும், நிறம் கத்தும். ஆனாலும் பார்ப்பவருக்குப் பெரும்பாலும், இது உள்ளே போனதன் வேலை என்று ஒரு மூலையில் தெரிந்திருக்கும். பயந்தவர் கையைப் பிடித்து நாம் அதைச் சொன்னால் கேட்பார். ஊமத்தையில் அந்த மூலை இல்லை. எதிரே பீம்ராவ் நிற்கிறார், அவ்வளவுதான். சந்தேகமே வராது. அதனால்தான் ஆபத்து. அப்படியிருப்பவர் மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி நடப்பார். தண்ணீருக்குள் நடப்பார்.

சிலுவைமுத்து எங்கும் நடக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது. அந்த நிலையிலும் நெருப்பை அணைத்தார், என்னை லோடுக்கு அடியிலிருந்து விலகச் சொன்னார். இதில் பெரிதாக எதுவும் இருப்பதாக நான் சொல்லவரவில்லை. ஆள் எப்படியோ, மயக்கமும் அப்படி. பேயோ பாம்போ அவருக்கு வரவில்லை. வந்தது துறைமுகம்.

மறுநாள் விடிந்தபோது அவர் கை ஓய்ந்திருந்தது. கண்பாப்பா இன்னும் பெரிது, எழுத்து தெரியவில்லை. ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது.

"சிஸ்டரு, பலகைல போட்டத நான் மீறல."

"தெரியும். இனிமேல் இலையையும் சேர்த்து எழுதி ஒட்டுகிறேன்."

"எளுது. எளுதினா சரி." பிறகு, "ராத்திரி யாரு கம்பி இளுத்தது? தோளு வலிக்குது," என்றார். அவருக்கு எதுவும் நினைவில்லை. ஜீனத் பேரை அவரிடம் யாரும் எடுக்கவில்லை.

சில்வியா என்னோடு சந்துக்கு வந்தாள். நேரே ஜீனத் கதவைத் தட்டினாள். ஜீனத் திறந்தாள், வழிவிடவில்லை.

"உள்ள வரேங்க்கா. பேசணும்."

"உள்ள வேணாம்," என்றாள் ஜீனத். "நேத்து எங்க நின்னு சொன்ன? அங்கியே நின்னு சொல்லு."

சில்வியா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். தண்ணி லாரி வந்து நின்றிருந்த நேரம். குடங்களோடு சந்து முழுக்கப் பெண்கள். சில்வியா படியிறங்கி நடுவில் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு. எங்கப்பா தானே ஊமத்த எலைய கெட்டில்ல போட்டு குடிச்சாரு. பம்ப நான்தான் குடுக்க மறந்துட்டேன். ஜீனத்தக்கா சோத்துல ஒண்ணும் இல்ல."

கீழ்வீட்டுக்காரி குடத்தை நகர்த்திக்கொண்டே, "சத்தமா சொல்லுமே, லாரி சத்தத்துல கேக்கல" என்றாள். கேட்டிருந்தது. சில்வியா இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

ஜீனத் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வரிசையில் நின்றாள். சில்வியா பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அங்கிள எப்ப அனுப்புறாங்க?"

"நாளைக்கு சாயங்காலம்னு சொல்றாங்க்கா."

"நாளன்னிக்குல இருந்து சோறு வரும். ரசம், பருப்பு, மீனு, இன்னா கேட்டாலும் வரும். கீர மட்டும் என்னாண்ட கேக்காத."

அவள் முறை வந்தது. குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.